தமிழ் வகுப்பில் பேச ஸ்லைடு தயாரிப்பது: மொரீசியஸ் மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீசியஸில் தமிழைப் பாடமாக எடுத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். மற்றப் பாடங்களின் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, கையில் எடுக்கும் செய்தித்தாள் பிரெஞ்சில் இருக்கிறது. தமிழ் கேட்கக் கிடைப்பது வகுப்பிலும் கோவிலிலும்தான். அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பின் முன் நின்று ஐந்து நிமிடம் தமிழில் பேசுவதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன். ஸ்லைடு அந்தப் பேச்சுக்குத் துணையாக இருக்க வேண்டும், பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், இம்ப்ரெஸ், கான்வா: எதில் தொடங்குவது?

வகுப்பறைக் கணினியில் எது திறக்கிறதோ அதில் தொடங்குங்கள். வீட்டில் ஒன்றில் செய்து பள்ளியில் வேறொன்றில் திறந்தால், வரிகள் இடம் மாறும், எழுத்துகள் பெட்டியை விட்டு வெளியே வரும்.

பவர்பாயிண்டை விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் இணைய உலாவியிலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். கூகுள் ஸ்லைட்ஸும் இலவசம். தானாகவே சேமித்துக்கொள்வதால் பாதி வேலையில் இணைப்பு அறுந்தாலும் செய்தது பெரும்பாலும் போகாது. வீட்டில் இணையம் நம்பகமாக இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸின் இம்ப்ரெஸ் நல்லது. ஒருமுறை பதிவிறக்கி நிறுவிவிட்டால் போதும்.

இணையத்தில் இயங்கும் வடிவமைப்புத் தளமான கான்வாவைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள், எனக்குத் தயக்கம் இருக்கிறது. வார்ப்புருவைத் தேடுவதிலேயே மாலை முழுவதும் போய்விடுகிறது. அங்கே மனத்தை இழுக்கும் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது.

நான் இதுவரை எதுவும் செய்ததில்லை. முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

புதிய ஸ்லைடு சேர்ப்பது, எழுதுவது, படம் நுழைப்பது, ஸ்லைடுகளை முன்பின் மாற்றுவது, திரையில் ஓட்டுவது. முதல் பேச்சுக்கு இவை போதும். பவர்பாயிண்டில் புதிய ஸ்லைடுக்குக் கண்ட்ரோல் விசையோடு எம், ஓட்டிப் பார்க்க எஃப்5. பள்ளிக் கணினியின் மெனு ஆங்கிலத்திலும் இருக்கலாம், பிரெஞ்சிலும் இருக்கலாம். மெனுவில் தேடிப் பழகியவர் மொழி மாறினால் தடுமாறுவார் என்பதால், எஃப்5 போன்ற விசைகளை முதலிலேயே பழகிக்கொள்ளச் சொல்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாது. எப்படிப் பழகுவது?

விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் எதையும் தனியாக வாங்க வேண்டாம். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். கைபேசியில் கூகுளின் ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தாலே போதும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒலிப்பு முறையில் ரோமன் எழுத்தில் அடித்தால் தமிழில் விழும். தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலது கைப் பக்கமும் இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு ஒலிப்பு முறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சில் எழுதிப் பழகிய கை, ‘உ’ ஒலிக்கு ஓவையும் (o) யூவையும் (u) சேர்த்துத் தட்டும். அந்த விசைப்பலகையோ ஆங்கில முறையை எதிர்பார்க்கிறது. அதனால் ‘முருகன்’ என்று அடிக்க நினைத்தால் வேறு ஏதோ வந்து நிற்கும். இதைத் தெரிந்துகொண்டால் சில நாளில் பழகிவிடும். ஆனாலும் தமிழைப் பல ஆண்டுகள் படிக்கப் போகிற மாணவருக்குத் தமிழ்99ஐயே பரிந்துரைப்பேன். அதில் அடிக்கும்போது மனம் தமிழ் எழுத்திலேயே நிற்கிறது. ‘கொ’ என்பது எதனால் ஆனது, ‘ங்க’வுக்கு எந்த மெய் வேண்டும் என்று விரல் ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்கிறது. அது எழுத்துப் பயிற்சியும் ஆகிவிடுகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘கௌ’ அடிக்கும்போது ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போடும் பழக்கம் பலரிடம் உண்டு. அதுபோலவே காலுக்குப் பதில் ‘ர’ போடுவதும். கைபேசியில் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. பெரிய திரையில் பளிச்சென்று தெரியும்.

வீட்டில் சரியாக இருந்த தமிழ், வகுப்பில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஏன்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். நோயைப் பார்த்தால் மருந்து தெரிந்துவிடும்.

வெற்றுக் கட்டங்கள் வந்தால், நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அதன் இடத்தில் வந்த எழுத்துருவிலும் தமிழ் இல்லை என்று பொருள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு உள்ளேயே வருகிறது. பழைய கணினிகளில் லதா இருக்கும். கூகுள் ஸ்லைட்ஸில் செய்கிறவர்களுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காடமரன் எல்லாம் கிடைக்கும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து பொருளில்லாமல் தெரிந்தால், அந்த உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பழைய கோவில் அழைப்பிதழிலிருந்தோ வினாத்தாளிலிருந்தோ நகலெடுத்தால் இப்படி நேரும். அதில் உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகள்தாம், எழுத்துரு மட்டுமே தமிழ் வேடம் போட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் கொடுத்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றிய பிறகே ஸ்லைடில் ஒட்டுங்கள்.

கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தால், உயிர்மெய்யின் குறி தவறான இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லை முழுவதும் அழித்து மீண்டும் அடிப்பதே விரைவான வழி.

விண்டோஸ் பவர்பாயிண்டில் சேமிப்பு விருப்பங்களுக்குள் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து வைக்கும் வசதி இருக்கிறது. எழுத்துருவின் உரிமம் இடம் கொடுத்தால் வேலை செய்யும். எல்லாவற்றையும் விட உறுதியான வழி, பேச்சுக்கு முந்தைய நாள் பிடிஎஃப் படி ஒன்றும் எடுத்து வைப்பது. அசைவுகள் போய்விடும், எழுத்து ஒன்றுகூடக் கலையாது.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தலைப்பின் கீழே வரும் எழுத்தின் அளவு 28 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், தலைப்புக்கு 40 வைக்கலாம். ஆங்கில ஸ்லைடுக்குச் சொல்லப்படும் அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நம் சொற்கள் நீளமானவை. ‘கொண்டாடுகிறார்கள்’ என்ற ஒரு சொல்லே வரியில் பாதியை எடுத்துக்கொள்ளும். எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் குறிகள் நீளுகின்றன, எனவே வரி இடைவெளியை 1.2 அல்லது 1.3 ஆக்குங்கள். தடித்த எழுத்தைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய அளவில் தடிப்பாக்கினால் ‘ன’வின் சுழிகளும் ‘ண’வின் சுழிகளும் அடைத்துக்கொண்டு ஒன்றுபோல் ஆகிவிடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தாம் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டவே ஒட்டாது.

பகலில் திரைச்சீலை இல்லாத வகுப்பறை என்றால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. நம் ஊர் வெயிலில் கரும்பின்னணி ஸ்லைடு வெளிறிப் போய்விடும்.

ஒரு ஸ்லைடில் எவ்வளவு எழுதலாம்?

வாக்கியமே வேண்டாம் என்பேன். ஒரு படம், இரண்டு மூன்று சொற்கள், தேவையானால் ஓர் ஆண்டு.

தலைநகர் போர்ட் லூயிஸில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய ஆப்பிரவாசி காட் பற்றி ஒரு மாணவி பேசப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடப்பது இது: “1834ஆம் ஆண்டு முதல் 1920ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து மொரீசியஸுக்குக் கொண்டுவரப்பட்டனர்...” என்று தொடங்கும் பத்தியை எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டுவாள். பிறகு வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை வாசிப்பாள். ‘கொண்டுவரப்பட்டனர்’ என்ற இடத்தில் நாக்கு சிக்கும். அதோடு அவளுடைய துணிவும் போய்விடும்.

அதையே இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் ஸ்லைடில் அங்கே உள்ள 16 படிகளின் படம் மட்டும், எழுத்து எதுவும் இல்லை. அவள் திரும்பி வகுப்பைப் பார்த்து, “இந்தப் படிகளில் யார் ஏறினார்கள்?” என்று கேட்கிறாள். நான்கு சொற்கள், எல்லாம் அவளால் சொல்ல முடிந்தவை. இரண்டாவது ஸ்லைடில் ‘1834 – 1920’ என்றும் அதன் கீழே ‘ஏறத்தாழ 5 லட்சம் பேர்’ என்றும் இருக்கும். “கப்பலில் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார்கள்” என்று அவள் பேசலாம். மூன்றாவதில் உலக வரைபடமும் இந்தியாவிலிருந்து இங்கே வரும் ஓர் அம்பும். நான்காவதில் ‘2006 – உலகப் பாரம்பரியச் சின்னம்’, யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்த ஆண்டு. ஐந்தாவது அவளுடைய சொந்த ஸ்லைடு: குடும்பத்தின் பழைய படம் இருந்தால் அது, இல்லாவிட்டால் அவளே போய் எடுத்த படம்.

பேச்சில் வரும் தகவல் எதுவும் குறையவில்லை. திரையில் இருந்த வாக்கியம் அவள் வாய்க்குப் போயிருக்கிறது, அதுவும் அவளுக்கு ஏற்ற நீளத்தில். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஐந்தாறு ஸ்லைடு என்ற கணக்கும் சரியாக வந்துவிடுகிறது.

எல்லாத் தலைப்புக்கும் ஸ்லைடு வேண்டுமா?

வேண்டாம். நம் மொரீசியஸ் ரூபாய்த் தாளில் இருக்கும் தமிழைப் பற்றிப் பேச விரும்பும் மாணவர் ஒரு தாளைக் கையில் எடுத்து வந்து வரிசையாகக் கொடுக்கட்டும். ஒவ்வொருவரும் தாளில் அச்சான தமிழை விரல் வைத்துப் படிப்பார்கள். 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழின் இடத்தை இந்திக்குக் கீழே மாற்றியபோது தமிழர்கள் எதிர்த்ததும், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் சொல்ல வேண்டிய கதை. அதைச் சொல்லக் குரல் போதும்.

மாறாக, ஏழு கறிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஸ்லைடு மிகவும் பொருந்தும். வாழை இலையின் ஒரே படத்தை வைத்து, ஒவ்வொரு சொடுக்கிலும் ஒரு கறியின் பெயர் அதன் இடத்தில் தோன்றும்படி செய்யலாம். பூசணி, வாழைக்காய், ரசம் என்று கிரியோல் பெயரில் மட்டுமே தெரிந்தவற்றின் தமிழ்ப் பெயரை வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளும். சொற்கள் பறப்பது, சுழல்வது போன்ற அசைவுகளை நான் எங்கும் அனுமதிப்பதில்லை, இந்த எளிய ‘தோன்றுதல்’ மட்டும் விலக்கு.

மாணவர் எவ்வளவு சொன்னாலும் திரையைப் பார்த்தே வாசிக்கிறார். ஆசிரியராக நான் என்ன செய்யலாம்?

திரையில் வாசிக்க எதுவும் இல்லாமல் செய்வது பாதி மருந்து. மீதிக்கு மென்பொருளே உதவும்.

பவர்பாயிண்டில் பேச்சாளர் பார்வை என்று ஒன்று உண்டு. வகுப்புக்கு ஸ்லைடு மட்டும் தெரியும், பேசுபவரின் கணினியில் அடுத்த ஸ்லைடும் குறிப்புகளும் கடிகாரமும் தெரியும். விண்டோஸ் விசையோடு பி (P) தட்டி, திரையை ‘நீட்டிப்பு’ நிலைக்கு மாற்றினால் இது வேலை செய்யும். ‘இரட்டிப்பு’ நிலையில் இருந்தால் இரண்டு திரையிலும் ஒன்றே தெரியும். வீட்டில் ஒரே திரையில் ஒத்திகை பார்க்க ஆல்ட் விசையோடு எஃப்5.

நான் அதிகம் மதிக்கும் விசை இன்னொன்று. ஸ்லைடு ஓடும்போது பி (B) எழுத்தையோ முற்றுப்புள்ளியையோ தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மீண்டும் தட்டினால் திரும்ப வரும். பேச்சின் நடுவில் ஒரு நிமிடம் திரையைக் கறுப்பாக்கிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். எல்லாக் கண்களும் பேசுகிறவர் பக்கம் திரும்பும். முதலில் பயப்படுவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக வீட்டில் சொல்லிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

குறிப்புகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

ஸ்லைடில் கூடவே கூடாது. குறிப்பில், தொடக்க நிலை மாணவர் என்றால் கடினமான சில சொற்களுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பேன். முழுப் பேச்சையும் ரோமனில் எழுதினால் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தில் கரைந்துவிடும். ‘வாழை’ வேறு ஏதாகவோ கேட்கும். தமிழில் எழுதிய சொற்குறிப்புகளே உச்சரிப்பைக் காப்பாற்றும்.

பேச்சைச் செயற்கை நுண்ணறிவிடமோ மொழிபெயர்ப்புக் கருவியிடமோ கேட்டு வாங்கலாமா?

ஒரு சொல்லுக்குப் பொருள் தேட, தலைப்பில் என்னென்ன பேசலாம் என்று யோசிக்க, பயன்படுத்துங்கள். முழுப் பேச்சை வாங்காதீர்கள். அது தரும் தமிழ் செய்தி வாசிப்பவரின் தமிழாக இருக்கும், உங்கள் வாயில் உட்காராது. ஊர்ப் பெயர்களையும் ஆண்டுகளையும் அது தவறாகச் சொல்லவும் கூடும். உடைந்த வாக்கியமானாலும் உங்களுடையதாக இருந்தால் ஆசிரியர் திருத்தித் தர முடியும்.

என் குடும்பப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?

முதல் ஸ்லைடில் பெயர் தமிழில்தான் இருக்க வேண்டும், எனவே நல்ல கேள்வி. நம் பெயர்கள் இங்கே பிரெஞ்சு முறையில் பதிவாகிப் பல தலைமுறைகளாக அப்படியே வழங்குகின்றன. மூட்டூசாமி என்று கூப்பிடப்படுகிறவர் முத்துசாமி, சூப்ரமாணியன் சுப்பிரமணியன். வீட்டுப் பெரியவர்களிடமும் தமிழ் ஆசிரியரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். மூலம் தெரியாத பெயரானால் வீட்டில் சொல்கிறபடியே எழுதுங்கள். ஊகித்து மாற்ற வேண்டாம்.

படமும் ஒலியும் எங்கிருந்து எடுப்பது?

உங்கள் கைபேசியிலிருந்து. தைப்பூசக் காவடியைப் பற்றிப் பேச இணையத்தில் பழனியின் படத்தைத் தேடி எடுக்கிறார்கள். கோர் தெ கார்த் மலைக் கோவிலுக்குக் காவடி போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இவர்கள்! சொந்தப் படம் இல்லாதபோது விக்கிமீடியா காமன்ஸில் தேடி, எடுத்தவர் பெயரை ஸ்லைடின் அடியில் சிறிதாக எழுதுங்கள். நாதஸ்வரமோ தவிலோ சேர்ப்பதானால் 20 நொடி போதும். வகுப்புக் கணினியில் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். படங்கள் பெரிதாக இருந்து கோப்பு கனத்தால், பவர்பாயிண்டில் படங்களைச் சுருக்கும் கட்டளை உண்டு.

வகுப்பில் புரொஜெக்டர் இல்லை. தொலைக்காட்சி மட்டும் இருக்கிறது.

எச்டிஎம்ஐ கம்பி இருந்தால் மடிக்கணினியை நேராக இணைத்துவிடலாம். இல்லையென்றால் ஸ்லைடுகளைப் படங்களாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது கோப்பு வகையில் ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படமாகும். பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினால், ஸ்லைடுக் கோப்பைத் திறக்கத் தெரியாத பெட்டியும் படங்களைக் காட்டிவிடும். எழுத்துருத் தொல்லையும் இல்லை. கோப்பின் பெயர்களை 01, 02 என்று எண்ணாக வையுங்கள், வரிசை மாறாது.

எதுவுமே இல்லாத வகுப்பில் ஏ4 தாளில் அச்சிட்டுப் பிடித்துக் காட்டலாம். மேலே சொன்ன அளவில் செய்த ஸ்லைடு என்றால் பின் வரிசைக்கும் ஓரளவு தெரியும். புயல் எச்சரிக்கையால் பள்ளி மூடி, பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகும் காலங்களில் கோப்பை மின்னஞ்சலிலும் ஒரு படி அனுப்பி வையுங்கள். பென் டிரைவ் அதற்குள் எங்காவது போயிருக்கும்.

மதிப்பெண்ணில் ஸ்லைடுக்கு எவ்வளவு கொடுப்பது?

குறைவாகக் கொடுங்கள். வீட்டில் நல்ல கணினியும் அண்ணன் உதவியும் உள்ள பிள்ளை எப்போதும் அழகான ஸ்லைடு கொண்டுவரும். பேச்சு, உச்சரிப்பு, கேள்விக்குச் சொல்லும் பதில் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போகட்டும். ஸ்லைடில் நான் பார்ப்பது இரண்டு: எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா, கடைசி வரிசைக்குத் தெரிகிறதா.

கடைசி ஸ்லைடில் ‘நன்றி’ என்று போடலாமா?

நன்றியை வாயால் சொல்லுங்கள். கடைசி ஸ்லைடில் பேச்சின் முக்கியமான படத்தையும், பக்கத்தில் நீங்கள் பயன்படுத்திய ஐந்தாறு தமிழ்ச் சொற்களையும் வைத்து, கேள்வி நேரம் முடியும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். கேட்கிறவர்களுக்கும் கிரியோல்தான் முதலில் வாயில் வரும். ‘படி’, ‘கப்பல்’, ‘கரும்பு’ என்று திரையில் சொற்கள் நின்றால், அவற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தமிழிலேயே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.